மகள் விமானி ஆக வேண்டும் என்றால்

நாற்பது வயது கடந்த வடமராட்சிப் பெண்களுக்கு விமானச் சத்தம் என்றால் பதுங்குகுழிதான் நினைவுக்கு வரும். 1987 மே மாதத்தை உடுப்பிட்டியில் மறந்தவர் யார்? இன்றைய பிள்ளைகளின் வானம் வேறு. 2019 ஒக்ரோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்து இறங்கியது. அதைப் பார்த்த மகள், "அம்மா, நான் அதை ஓட்டலாமா?" என்று கேட்டால் சிரித்துத் தட்டிவிடாதீர்கள்.

சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம் 1949 இல் பெங்களூர் ஜக்கூரில் விமானப் பயிற்சியை முடித்தார். 1951 இல் சென்னை அரசு வாங்கிய 'டவ்' விமானத்தைக் கணவரோடு சேர்ந்து லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண் சைக்கிள் ஓடுவதே புதினம்!

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயது நிறைய வேண்டும். பொதுவாக 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். உயர்தரத்தில் கணிதமும் பௌதிகமும் படித்திருந்தால் பாடங்கள் இலகு. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச ஆங்கிலம் தேவை. தெளிவாகப் பேசினால் சரி, எங்கள் யாழ்ப்பாண உச்சரிப்பு குற்றமல்ல.

செலவுதான் மலை. ஒரு நல்ல வீடு கட்டும் காசு போய்விடும். ஆகவே சகோதரிகளே, காணியை ஈடு வைக்கவோ நகையை விற்கவோ முன்னர், முதலாம் வகுப்பு வைத்தியப் பரிசோதனையைச் செய்வியுங்கள். அதில் தவறினால் எவ்வளவு காசு கட்டியும் பயனில்லை. கண்ணாடி அணிந்து பார்வை சரியாகுமானால் பெரும்பாலும் தடையில்லை. நிறங்களைப் பிரித்தறிய வேண்டும். அடுத்து, அந்தப் பயிற்சிப் பாடசாலை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அங்கீகாரம் பெற்றதா, பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உண்டு என்று நேரில் போய்க் கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள்.

அனுமதிப்பத்திரம் கிடைத்தவுடன் வேலை கிடைத்துவிடும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பெரிய விமானங்களுக்கு அந்தந்த வகைக்கான பயிற்சி தனியாக உண்டு. பிறகு துணை விமானி, அனுபவம் கூடக் கப்டன். சிலர் பயிற்றுநராகிச் சம்பளத்தோடு பறந்த மணித்தியாலத்தையும் சேர்க்கிறார்கள். சரக்கு விமானங்களிலும் வேலை உண்டு.

இவ்வளவு காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு விமானப் பராமரிப்புப் பொறியியலும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இருக்கின்றன. கட்டுப்பாட்டாளரை வேலைக்கு எடுத்த பின் நிறுவனமே பயிற்றுவிப்பது வழக்கம். பத்திரிகையில் வரும் ஆட்சேர்ப்பு விளம்பரங்களை வெட்டி வையுங்கள்.