பந்தலடிப் பொருளாதாரம்

தேசத்தின் கஷ்டங்களுக்குப் பரிகாரம் கூறாதவர் நம் நாட்டில் அரிது. ரயில் வண்டியில் எதிரே அமர்ந்திருப்பவரும், காப்பிக் கடையில் பத்திரிகை புரட்டுபவரும், சட்டசபையில் முழங்குபவரும் ஆளுக்கொரு மருந்துச் சீட்டு எழுதத் தயாராக இருக்கிறார்கள். வரியைக் குறைக்க வேண்டும் என்பார் ஒருவர். இறக்குமதியைத் தடுக்க வேண்டும் என்பார் மற்றொருவர். கட்சிகளை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். இவற்றில் எதுவும் முழுப் பொய்யன்று. ஆயினும் இம்மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பாராமலே எழுதப்பட்டவை அவை. ஆகவே தேசம் முழுவதையும் பற்றிய பேச்சைச் சற்றே ஒத்தி வைத்து, ஒரு கிராமத்தின் நாடியை மட்டும் இன்று பிடித்துப் பார்ப்போம்.

தேனி மாவட்டம் உத்தமபாளையம் தாலுகாவில், மேகமலைத் தொடரின் அடிவாரத்தில் ராயப்பன்பட்டி இருக்கிறது. அருகே சண்முகாநதி அணை. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய பந்தல்களில் படர்ந்திருப்பவை பெரும்பாலும் பன்னீர் திராட்சைக் கொடிகள். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இக்கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. 2023-இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பக்கத்து ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண் இருக்கிறது, நீர் இருக்கிறது, உழைக்கும் குடியானவர் இருக்கின்றனர், படித்த நிபுணர்களும் இருக்கின்றனர். விளைவிக்கும் வித்தையில் இங்கே குறைவொன்றும் இல்லை.

குறை எங்கே என்று கேட்டால், அது பழம் கொடியை விட்டு இறங்கிய பிறகே தொடங்குகிறது.

திராட்சையின் சுபாவத்தை முதலில் அறிய வேண்டும். மாங்காயைப் போலப் பறித்து வைத்துப் பழுக்க விடும் பண்டமன்று அது. பழுத்த பிறகே பறிக்க வேண்டும். பறித்தபின் மேலும் பழுக்காது, கெடத்தான் செய்யும். கொடியிலேயே விட்டு வைக்கலாமென்றால், ஒரு மழை போதும், பழம் வெடித்துவிடும். பன்னீர் திராட்சையோ தோல் மெலிந்தது, நெடுநாள் தாங்காது. கவாத்து செய்த நாள் தொட்டு ஏறக்குறைய நான்கு மாதம் மருந்து தெளித்தும், கூலி கொடுத்தும், கடன் வாங்கியும் காத்திருந்த குடியானவன், கடைசி ஐந்தாறு நாட்களில் காத்திருக்கும் சக்தியை முற்றிலும் இழந்துவிடுகிறான். பந்தலடியில் வந்து நிற்கும் வியாபாரிக்கு அந்த அவசரம் இல்லை. இன்று இந்தத் தோட்டம் இல்லாவிட்டால் நாளை அடுத்த தோட்டம். பொருளாதார சாஸ்திர நூல்கள் விலையைப் பற்றி எவ்வளவோ கூறும். பந்தலடியில் காணும் விதி ஒன்றே: காத்திருக்க முடிந்தவன் விலையைச் சொல்கிறான், முடியாதவன் கேட்டுக்கொள்கிறான். விற்கும் குடியானவன் அதே வியாபாரியிடம் முன்பணமும் வாங்கியிருந்தால், கேட்டுக்கொள்வதற்குக்கூட அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இதில் வியாபாரியை வைது பயனில்லை. அவர் தம் தொழிலைச் செய்கிறார். லாரி வாடகையும் அழுகல் நஷ்டமும் அவருக்கும் உண்டு. புவிசார் குறியீட்டையும் குறை கூற வேண்டியதில்லை. பிற ஊர்ப் பழத்துக்கு இவ்வூர்ப் பெயரைச் சூட்டாதபடி அது தடுக்கும். கிலோவுக்கு இன்ன விலை என்று சொல்வது அதன் வேலையன்று. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. கூடை கூடையாகக் காய்கறி கொண்டுவரும் சிறு விவசாயிகளுக்கு அது பெரும் உபகாரம் செய்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் லாரி லாரியாக இறங்கும் திராட்சையை உழவர் சந்தையில் தராசு வைத்து விற்றுவிட இயலுமா? வேண்டுவது வேறொன்று. கெடும் பண்டத்தைக் கெடாத பண்டமாக மாற்றும் சாதனம் குடியானவரின் கையிலேயே இருக்க வேண்டும். குளிர்பதனக் கிடங்கு, பழரசத் தொழிற்சாலை, பெட்டியில் அடைக்கும் கூடம் ஆகியவையே அச்சாதனங்கள்.

இது புதிய யோசனையன்று. ஒரு ஜில்லா முழுவதும் செய்து காட்டிய காரியம்.

குஜராத்தின் கெடா ஜில்லாவில் 1945-இல், பம்பாய் நகரத்துக்குப் பால் அனுப்பும் உரிமை போல்சன் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. பாலும் திராட்சையைப் போலக் காத்திராத பண்டம். கம்பெனி வைத்ததே விலை. குடியானவர் சர்தார் வல்லபபாய் படேலிடம் சென்று முறையிட்டனர். கம்பெனியின் தயவை நாடாமல் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் காணுங்கள் என்பது அவர் காட்டிய வழி. 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. அதன்பின் பதினைந்து நாள் கம்பெனிக்குப் பால் ஊற்ற மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் திரிபுவனதாஸ் படேலின் தலைமையில் கெடா ஜில்லா பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. தொடக்கத்தில் சேர்ந்தவை இரண்டே கிராமச் சங்கங்கள். கிடைத்த பால் நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர். அமுல் என்று இன்று சிறு குழந்தையும் சொல்லும் பெயரின் பூர்வோத்தரம் இதுதான்.

இக்கதையில் பலரும் கவனிக்காத ஓர் அம்சம் உண்டு. சங்கம் கண்டவுடன் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. குளிர்காலத்தில் எருமைகள் அதிகமாகக் கறக்கும். பம்பாய்க்கோ அவ்வளவு பால் வேண்டியதில்லை. மிகுந்த பாலை என்ன செய்வது? 1955 அக்டோபர் 31-ஆம் தேதி ஆனந்தில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்த தொழிற்சாலையே அக்கேள்விக்கு விடை. மிகுபால் பொடியாயிற்று, வெண்ணெயாயிற்று, காத்திருக்கக் கற்றுக்கொண்டது. குடியானவனுக்குப் பேரம் பேசும் வலிமை சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலிருந்து மட்டும் வரவில்லை. அத்தொழிற்சாலையின் கொதிகலத்திலிருந்தும் வந்தது.

பாலையும் திராட்சையையும் ஒப்பிடலாமா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். பால் தினமும் கிடைக்கும்; திராட்சை பருவப் பயிராயிற்றே, ஆண்டில் நான்கு மாதம் ஓடி எட்டு மாதம் பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலையை யார் கட்டுவார் என்பது ஆட்சேபம். மற்ற பிரதேசங்களுக்கு இது பொருந்தும். அங்கே பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கின் விசேஷமே வேறு. இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பழம் பறிக்கப்படும். ஆண்டு முழுவதும் எங்கேனும் அறுவடை உண்டு. பிறர்க்கு வாய்க்காத இந்த வரம் இன்று நமக்கே பாதகமாக இருக்கிறது. எப்போதும் பழம் கிடைக்கும் என்ற தைரியத்தில் வியாபாரி ஒரு நாளும் அவசரப்படுவதில்லை. தொழிற்சாலை ஒன்று அமையுமானால் அதே வரம் சாதகமாக மாறும். பன்னிரண்டு மாதமும் ஓடும் யந்திரத்துக்கு முதல் போட்டவன் வட்டிக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பழரசம் என்றதும் மதுவை எண்ணிச் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். நாம் கூறுவது குழந்தையும் அருந்தத்தக்க ரசத்தையே. மதுவைப் பற்றிப் பேச்சு வந்ததனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. 2003-ஆம் ஆண்டில் மதுச் சில்லறை விற்பனையைச் சர்க்காரின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றது. கிடங்கு, லாரி, கணக்கு, ஊர்தோறும் கடை என்று ஒரு நாளும் தட்டுப்பாடின்றிச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிர்வாகத் திறமை நம் சர்க்காருக்கு உண்டு என்பது அதனால் ருசுவாயிற்று. அத்திறமையில் பத்தில் ஒரு பங்கு திராட்சையின் பக்கம் திரும்பலாகாதா?

ஆனால் சர்க்கார் கட்டிக் கொடுக்கும் கிடங்கு மட்டும் போதுமென்று நாம் எண்ணவில்லை. சங்கம் ஆரம்பித்த பிறகு வரும் சோதனையே கடினமானது. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகவும், குடை ஒன்று தருவதாகவும் கூறியது. சுதேசிக் கம்பெனி மூழ்கிய பிறகும் குடை கொடுத்துக்கொண்டிருக்குமா என்று யோசித்தவர் எத்தனை பேர்? 1908-இல் பிள்ளையவர்கள் சிறை சென்றார். 1911-இல் கம்பெனி கலைந்தது.

பந்தலடியிலும் இக்குடை வரும். சங்கம் தோன்றிய முதற் பருவத்தில் வெளி வியாபாரி கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடவே கொடுப்பார். அந்த ஆசையில் பழத்தை வெளியே விற்கும் அங்கத்தினர், மறு பருவத்தில் சங்கமும் இல்லாமல் விலையும் இல்லாமல் நிற்பார். ஆகவே விளைச்சலில் இன்ன பங்கைச் சங்கத்துக்கே கொடுப்பது என்ற ஒப்பந்தம் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணத்துக்கு ஈடாகச் சங்கமே பயிர்க்கடன் கொடுக்க வேண்டும். வியாபாரியிடம் கடன்பட்டவன் சங்கத்தில் பெயரளவுக்கே அங்கத்தினன். கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் வந்தது 1904-இல். நூற்றிருபது ஆண்டுக்கு மேலாகியும் கடன் ஒரு கட்டடத்திலும் விற்பனை மற்றொரு கட்டடத்திலும் ஒன்றையொன்று பாராமல் இருப்பது நம் நிர்வாகத்தின் விசித்திரம். 2020-இல் மத்திய சர்க்கார் பதினாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உண்டாக்கத் திட்டம் வகுத்தது. எண்ணிக்கையை எட்டுவது கஷ்டமன்று. அவ்வமைப்புகளில் எத்தனை, முதற் பருவத்துக் குடையைக் கண்டு கலையாமல் நிற்கும் என்பதே கேள்வி.

இவற்றையெல்லாம் யார் தொடங்கி வைப்பது? ஊர் தன் காரியத்தைத் தானே கூடிப் பேசித் தீர்மானிக்க ஒரு சபை வேண்டும். அரசியல் சாசனத்தின் 40-ஆவது ஷரத்து கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிப் பேசுகிறது. 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி அமுலுக்கு வந்த 73-ஆவது திருத்தம், ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகவே விதிக்கிறது. நடந்தது என்ன? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலாவதியான ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அப்போது தேனி உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிவடைந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் இவ்வாறு காலம் கடத்தினால் தேசம் கொந்தளிக்கும். பஞ்சாயத்துக்குக் கடத்தினால் ஒரு சிறு செய்தியோடு போகிறது! தனி அலுவலர் நேர்மையும் திறமையும் உள்ளவராகவே இருக்கட்டும். ஊரார் தேர்ந்தெடுக்காத அவர், குளிர்பதனக் கிடங்குக்கு இடம் ஒதுக்குவதா என்ற கேள்வியில் ஊராருக்கு எவ்விதம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஆவார்?

தேர்தல் எப்போது வந்தாலும், அதற்காகக் காத்திராமல் ஊரே செய்துகொள்ளக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஜே. சி. குமரப்பா அதற்கு வழிகாட்டி. அக்காலத்து மதுரை ஜில்லாவைச் சேர்ந்த கல்லுப்பட்டியில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1960 ஜனவரி 30-ஆம் தேதி காலமானார் அப்பெரியார். காந்தியடிகளின் வேண்டுகோளின்படி 1929-30-இல் அவர் செய்த முதற் பெரும் பணி திட்டம் தீட்டுவதன்று; மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகச் சென்று கணக்கு எடுப்பதே. அத்தாலுகா இருப்பதும் பின்னாளில் பால் சங்கம் தோன்றிய அதே கெடா ஜில்லாவில்தான். குடியானவன் என்ன விளைவிக்கிறான், என்ன செலவழிக்கிறான், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வீடு வீடாக விசாரித்தனர்.

ராயப்பன்பட்டியில் கேட்க வேண்டிய கேள்விகளும் அதிகமில்லை. எத்தனை ஏக்கர் பந்தல்? எந்த மாதத்தில் எத்தனை டன் பழம்? சென்ற ஆண்டு மழையில் வெடித்துப் போனது எவ்வளவு? முன்பணம் வாங்கியவர் எத்தனை பேர், எவ்வளவு? பந்தலடியில் கிடைத்த விலை என்ன, அதே நாளில் மதுரைக் கடையில் விற்ற விலை என்ன? இந்த ஐந்துக்கும் விடை எழுதிய நோட்டுப் புத்தகம் கிராம சபையின் மேஜைமேல் இருந்தால், வங்கி மானேஜரிடமும் கலெக்டரிடமும் பேசும் தோரணையே வேறாக இருக்கும். இக்கணக்கை எடுக்கப் பத்து மாணவர்களும் ஒரு கோடை விடுமுறையும் போதும். மாத்தரில் குமரப்பாவும் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கொண்டுதான் அதைச் செய்தார்.