நூறு கடைகளை ஒரே நாளில் சுற்றும் வியாபாரம்: ஹெம்ஸ்வெல் பழம்பொருள் நிலையம் தரும் பாடம்

பழைய சாமான் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, ‘பழைய இரும்பு, போத்தல், பேப்பர்’ என்று கூவிக் கொண்டு தெருவில் வரும் வண்டிக்காரர்தான். ஆனால் இங்கிலாந்தில் இது கணக்கு வழக்கோடு நடைபெறும் ஒரு முழுநேரத் தொழில். வீடு காலி செய்யும்போது கிடைக்கும் கோப்பை முதல் இருநூறு வருடப் பழைமையான மேசை வரை, ஒரு வியாபாரியிடமிருந்து இன்னொரு வியாபாரியின் கைக்கு மாறி மாறிச் சென்று கொண்டிருக்கிறது. இவ்வாறு கை மாறும் இடங்களில் பெரியதொன்றுதான் லிங்கன்ஷயர் மாவட்டத்தில், லிங்கன் நகருக்கு வடக்கே அமைந்துள்ள ஹெம்ஸ்வெல் பழம்பொருள் நிலையம். அங்கு குடியேறியுள்ள எம்மவர்களில் சிறு முதலுடன் தொழில் தேடுவோருக்கும், இங்கிருந்து கொள்வனவுக்காகச் செல்வோருக்கும் பயன்படக் கூடிய சில விடயங்களை இவ்வாரம் நோக்குவோம்.

விமானப்படை முகாமில் ஒரு சந்தை

ஹெம்ஸ்வெல் முன்னர் பிரித்தானிய விமானப்படையின் தளமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்து பறந்தன. 1967 இல் முகாம் மூடப்பட்டது. படைவீரர்கள் தங்கியிருந்த பெரிய கட்டடங்களில் பின்னர் பழம்பொருள் வியாபாரம் குடிபுகுந்தது. இன்று பல கட்டடங்களில் நூற்றுக்கணக்கான வியாபாரிகளின் பொருட்கள் அங்கு வைக்கப்பட்டுள்ளன.

பேருவளை சீனங்கோட்டை மாணிக்கச் சந்தையை அறிந்தவர்களுக்கு, பல வியாபாரிகள் ஓரிடத்தில் கூடுவது புதிய விடயமல்ல. ஆனால் இங்கு ஒரு வித்தியாசம் உண்டு. பொருள் இருக்கும், பொருளுக்குரியவர் இருக்க மாட்டார். இத்தகைய நிலையங்களில் வியாபாரி ஒரு கண்ணாடி அலுமாரியையோ, ஓர் அறையின் மூலையையோ மாத வாடகைக்கு எடுத்துத் தமது பொருட்களை அடுக்கி விட்டுச் சென்று விடுவார். விற்பதும் பணம் வாங்குவதும் நிலையத்தின் ஊழியர்களே. விற்பனைத் தொகையில் ஒரு பங்கைத் தரகாகக் கழித்துக் கொண்டு மீதியை உரியவருக்குக் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு பொருளிலும் சிறியதொரு சீட்டுத் தொங்கும். அதில் வியாபாரியின் இலக்கம், பொருளின் விபரம், விலை ஆகியன இருக்கும். ‘ஏ.எஃப்.’ என்ற இரண்டு எழுத்துகள் காணப்பட்டால், ‘இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது’ என்பது கருத்து. அதாவது எங்கோ வெடிப்போ, உடைவோ, பழுதோ உண்டு. அவசரத்தில் வாங்குபவரின் கண்ணுக்கு இந்த இரண்டு எழுத்துகளும் படுவதில்லை.

வியாபாரியிடமே வாங்கி எவ்வாறு இலாபம் பெறுவது?

நியாயமான கேள்விதான். விற்பவரும் வியாபாரி, வாங்குபவரும் வியாபாரி. பிறகு இலாபம் எங்கிருந்து வருகிறது? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அறிவின் வித்தியாசம். தளபாடத்தில் தேர்ந்தவருக்கு வெள்ளிச் சாமானைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஒரு வீட்டின் பொருட்களை மொத்தமாக வாங்கியவர், தமக்குத் தெரியாததற்கு ஒரு குத்துமதிப்பான விலையைப் போட்டு விடுவார். இரண்டாவது, இடத்தின் வித்தியாசம். லிங்கன்ஷயரில் தேங்கிக் கிடக்கும் பொருளுக்கு லண்டனில் கிராக்கி இருக்கலாம். மூன்றாவது, காலம். பல மாதங்களாக அலுமாரியில் இருக்கும் பொருளுக்கு வாடகை ஏறிக் கொண்டே போகிறது. உரியவர் அதனைத் தள்ளி விடவே விரும்புவார்.

எனவே ‘இதன் கடைசி விலை என்ன?’ என்று கேட்பது அங்கு வெட்கத்துக்குரியதல்ல. வியாபாரிகளுக்கு நூற்றுக்கு 10 வீதக் கழிவு கொடுப்பது பரவலான வழக்கம். அதற்கு மேல் வேண்டுமாயின் ஊழியர் உரியவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுச் சொல்வார். ஒன்றை மாத்திரம் கேட்பதை விட, ஒரே வியாபாரியின் மூன்று நான்கு பொருட்களைச் சேர்த்துக் கேட்டால் குறையும் வாய்ப்பு அதிகம்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

கையிலுள்ள முதல் கரைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தேநீர்ச் செட்டுக்கு 80 பவுண் என்று சீட்டில் உள்ளது. 10 வீதக் கழிவில் 72 பவுணுக்குக் கிடைக்கிறது. இதனை வேறொரு நிலையத்திலுள்ள உங்கள் அலுமாரியில் 110 பவுண் விலையிட்டு வைக்கிறீர்கள். பார்வைக்கு 38 பவுண் இலாபம்.

ஆனால் உங்களிடம் வாங்குபவரும் 10 வீதக் கழிவு கேட்பார். அப்போது விற்பனை 99 பவுண். நிலையத்தின் தரகு 10 வீதம் என்று வைத்துக் கொண்டால் கைக்கு வருவது 89 பவுண் 10 பென்ஸ். அலுமாரி வாடகையில் இப்பொருளின் பங்கு 10 பவுண், எரிபொருள் 8 பவுண் என்றால் மிஞ்சுவது 71 பவுண் 10 பென்ஸ். நீங்கள் கொடுத்ததோ 72. ஒரு நாள் முழுதும் அலைந்து, பல வாரங்கள் காத்திருந்து, முடிவில் 90 பென்ஸ் நட்டம்!

ஆகவே சீட்டிலுள்ள விலையிலிருந்து கணக்கைத் தொடங்கக் கூடாது. கழிவு போக நிச்சயமாகக் கிடைக்கக் கூடிய விற்பனைத் தொகையை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து தரகு, வாடகை, பயணச் செலவு, உங்களுக்குத் தேவையான இலாபம் ஆகியவற்றைக் கழியுங்கள். மேற்சொன்ன செட்டில் 20 பவுண் இலாபம் வேண்டுமாயின், கொடுக்கக் கூடிய உச்ச விலை சுமார் 51 பவுண்தான். அதற்குக் கிடைக்காவிட்டால், எவ்வளவு அழகான பொருளாயினும் அலுமாரியிலேயே விட்டு விட்டு நகர வேண்டும். மனதுக்குப் பிடித்து விட்டது என்பதற்காக வாங்குபவர் சேகரிப்பாளராகலாம். வியாபாரியாக நிலைப்பது கடினம்.

கண்ணும் கையும்

ஒரு டோர்ச் லைட், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஓர் அளவு நாடா ஆகியன கட்டாயம். வெள்ளிச் சாமானாயின் முத்திரைகளைத் தேடுங்கள். நடக்கும் சிங்கம் 925 தரமுள்ள ஆங்கில வெள்ளியைக் குறிக்கும். நங்கூரம் பர்மிங்ஹாமையும், சிறுத்தைத் தலை லண்டனையும் காட்டும். கூடவே இருக்கும் ஓர் எழுத்து வருடத்தைச் சொல்லும். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்று இருந்தால் அது வெள்ளி முலாம் பூசியது மட்டுமே. பீங்கானின் அடியில் ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், அது பெரும்பாலும் 1891 இல் அமெரிக்கா கொண்டு வந்த இறக்குமதி விதிக்குப் பிந்தியது. கோப்பையின் விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத உடைவும் விரலுக்குத் தெரியும்.

பாரமான பழைய மரத் தளபாடங்களில் கவனம் தேவை. 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து அவற்றின் விலை அங்கு பெருமளவு வீழ்ந்துள்ளது. சிறிய வீடுகளில் வாழ்வோர் பெரிய அலுமாரிகளை விரும்புவதில்லை. மலிவு என்று வாங்கினால், ஏற்றி இறக்கும் கூலியே இலாபத்தை விழுங்கி விடும்.

காலியிலிருந்து போன பெட்டிகள்

இத்தகைய நிலையங்களில் இலங்கையர் ஒருவரின் கண்ணில் படக் கூடிய பொருளொன்று உண்டு. கருங்காலிச் சட்டத்தில் முள்ளம்பன்றி முட்களை வரிசையாகப் பதித்துச் செய்த பெட்டிகள் அவை. 19 ஆம் நூற்றாண்டில் காலிப் பகுதியில் செய்யப்பட்டு, துறைமுகத்தில் இறங்கிய கப்பல் பயணிகளுக்கு விற்கப்பட்டவை. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணை 1885 இல் நிறைவுறும் வரை காலியே பயணக் கப்பல்களின் முக்கிய தரிப்பிடமாக இருந்தது.

இவற்றை இனங்காண்பதில் எமக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஆனால் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும. சில பெட்டிகளில் எலும்புக்குப் பதிலாக யானைத் தந்தம் பதிக்கப்பட்டிருக்கும். பிரித்தானியாவின் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் உள்ளது. 1947 க்கு முன் செய்யப்பட்டு, கன அளவில் 10 வீதத்துக்குக் குறைவாகத் தந்தம் உள்ள பொருளைப் பதிவு செய்த பின்னரே விற்கலாம். மீறினால் 250,000 பவுண் வரை அபராதமோ ஐந்து வருடம் வரை சிறையோ விதிக்கப்படலாம். தந்தம், ஆமை ஓடு போன்றவற்றை எல்லை கடந்து கொண்டு வருவதற்கு அழிந்துவரும் உயிரினங்கள் தொடர்பான சர்வதேச சமவாயத்தின் அனுமதிகளும் தேவை. சந்தேகம் இருப்பின் வாங்காமல் விடுவதே புத்தி.

இங்கு கொண்டு வர எண்ணுவோர், வாங்கும் முன்னரே சுங்கத் தரகர் ஒருவரிடம் வரியை விசாரித்துக் கொள்ள வேண்டும். நூறு வருடங்களுக்கு மேற்பட்ட பொருட்கள் சுங்க வகைப்படுத்தலில் தனியாக உள்ளன. எனவே வயதைக் குறிப்பிட்ட பற்றுச்சீட்டு அவசியம். இலங்கையில் கலாசாரச் சொத்துகளின் ஏற்றுமதியையும் வியாபாரத்தையும் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதிப்பத்திரமின்றி இதில் இறங்கக் கூடாது.

இறுதியாக ஒன்று. பழுதைக் கண்டு பிடித்துப் பேரம் பேசி விலை குறைத்து வாங்கியவர், விற்கும்போது அதே பழுதைச் சீட்டில் எழுதத் தவறக் கூடாது. பழம்பொருள் வியாபாரம் சிறிய வட்டம். வாங்குபவர் வீட்டுக்குச் சென்று டோர்ச் அடித்துப் பார்ப்பார். மறைத்து விற்று ஒரு தடவை பெறும் 20 பவுணை விட, அடுத்த மாதமும் அவர் உங்கள் அலுமாரியைத் தேடி வருவதே பெறுமதியானது.