நாய்களுக்கும் ஒரு பட்டியல்

ஜேர்மனியில் நாய் வளர்ப்போர் நகரசபைக்கு வரி கட்டவேண்டும், பூனைக்கு வரியில்லை. எந்த நாய் ஆபத்தானது என்பதை மாநிலங்கள் தீர்மானிக்கின்றன. பயர்ண் மாநிலம் 1992 யூலையில் பிறப்பித்த ஆணை, நடத்தைக்கு முன் இனத்தைப் பார்க்கிறது. முதலாம் பிரிவில் பிட்புல், தோசா போன்றவை. இவை மூர்க்கமானவை என்ற அனுமானத்தை எந்தச் சான்றாலும் முறியடிக்க முடியாது. இரண்டாம் பிரிவு நாயை (2002 முதல் ரொட்வைலரும் இதில்) சாதுவென்று நிரூபிக்கலாம். நிரூபிக்கும் பொறுப்பு வளர்ப்பவருடையது. ஜேர்மன் ஷெப்பேர்ட் இரண்டிலும் இல்லை. என்னோடு இயந்திரத்தில் நிற்கும் ஜேர்மனியரே இதைச் சொல்லிச் சிரிப்பார்.

பட்டியலைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் 2000 யூனில் ஹம்பேர்க்கில், துருக்கியக் குடும்பமொன்றின் ஆறு வயதுச் சிறுவனை இரண்டு நாய்கள் கடித்துக் கொன்றன. மாநிலங்கள் அவசர அவசரமாக விதிகளை இறுக்கியது அதன் பின்னர்தான். அந்தப் பயம் நியாயமானது.

என்றாலும் இந்தச் சட்டமொழி நமக்குப் பழக்கமானது. 1993இன் அகதிச் சட்டத் திருத்தத்திலும் இதே இரண்டு படிகள் இருந்தன. 'பாதுகாப்பான' நாட்டில் பிறந்தவர் தன் கதையை நிரூபித்து அனுமானத்தை முறியடிக்கலாம். 'பாதுகாப்பான மூன்றாம் நாடு' வழியாக வந்தவருக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. இலங்கை முதலாவது பட்டியலில் இருந்ததில்லை. போலந்தும் செக்கும் இரண்டாவதில் இருந்தன. நம்மவர் பலர் நடந்து கடந்த எல்லைகள் அவைதாம்.