வகுப்பறைக்கு வந்த வழிகள்

(தொடர் – 9)

ஸ்டுட்கார்ட் நகரின் வால்டோர்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலை முதலாளி எமில் மோல்ட், தன் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்க முடிவெடுத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பணம் அவரிடம் இருந்தது. நகரத்தை ஒட்டிய குன்றின் மேல் உணவகமாக இருந்த ஒரு கட்டடத்தையும் வாங்கிவிட்டார். 256 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் 191 பேர் ஆலையைச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். 1919 செப்டம்பர் 7 அன்று பள்ளி திறந்தது. இதுவரை நடந்ததெல்லாம் கையில் காசும் மனதில் உறுதியும் உள்ள எந்த முதலாளியும் செய்யக்கூடியதுதான். எட்டு வகுப்புகளுக்குப் பாடம் நடத்த ஆள் பிடிப்பது அப்படியல்ல. இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்டோர்ஃப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் பாடத்திட்டத்தையே பேசுகிறார்கள்: மரப் பொம்மை, பின்னல் வேலை, பாடநூல் இல்லாத வகுப்பு. என் கணக்கில் அந்தப் பள்ளியின் பலம், பலவீனம் இரண்டுமே அதன் ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள், வந்த பிறகு அவர்களை என்ன செய்தார்கள் என்பதில்தான் இருக்கின்றன.

முதல் ஆண்டிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் அங்கே சேர்ந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் எந்தக் கல்வி அதிகாரிக்கும் தலை சுற்றும். கரோலின் ஃபான் ஹைடிபிராண்ட் ஜெர்மன் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருக்கு ஐந்தாம் வகுப்பு கொடுக்கப்பட்டது. எஸ்டோனியாவில் பிறந்த ஹெர்பர்ட் ஹான் பல மொழி அறிந்தவர். சிகரெட் ஆலையிலேயே தொழிலாளிகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். யோஹன்னஸ் கையர் பாதிரியாராக இருந்தவர். பால் பௌமன் இசைக்காரர். மாக்ஸ் வோல்ஃப்ஹ்யூகல் ஓவியர். அலெக்சாண்டர் ஸ்ட்ராகோஷ் ரயில்வே பொறியாளர். வியன்னாவிலிருந்து வந்தவர்கள் தனி அணி: ஆய்கன் கோலிஸ்கோ மருத்துவர், ஹெர்மன் ஃபான் பரவாலே கணிதக்காரர், கார்ல் ஷூபர்ட் மொழியறிஞர், வால்டர் யோஹன்னஸ் ஸ்டைன் கணிதம், இயற்பியல், தத்துவம் படித்தவர். 1922-இல் உடற்பயிற்சி கற்பிக்க வந்த ஃப்ரிட்ஸ் ஃபான் போத்மர் பவேரிய ராணுவ அதிகாரியாக இருந்தவர். முறையாகப் பயிற்சி பெற்று, அரசுப் பள்ளி வேலை பார்த்த அனுபவத்தோடு வந்தவர் என்று சொல்ல கார்ல் ஸ்டாக்மயர் போன்ற ஒரு சிலரே இருந்தார்கள். மற்ற ஆசிரியர்களைத் தேடி ஜெர்மனியெங்கும் அலைந்தவரும் அந்த ஸ்டாக்மயர்தான்.

இப்படிப்பட்ட கூட்டத்தை வைத்துப் பள்ளி நடத்த அரசு எப்படி ஒத்துக்கொண்டது? வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1836-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. தனியார் பள்ளியில் கற்பிப்பவர் அரசுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. பள்ளி திறந்த அதே ஆண்டின் ஆகஸ்டில்தான் வைமார் அரசியல் சட்டம் வந்தது. அதன் 147-ஆம் பிரிவு, தனியார் பள்ளி ஆசிரியர்களின் கல்வித் தகுதி அரசுப் பள்ளி ஆசிரியர்களுடையதற்குக் குறையக் கூடாது என்றது. கதவு மூடப்போகும் நேரத்தில் உள்ளே நுழைந்த பள்ளி இது. சும்மாவும் நுழையவில்லை. மூன்றாம், ஆறாம், எட்டாம் வகுப்பு முடிவில் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையாக இருப்பார்கள் என்று, பள்ளியை வழிநடத்திய ருடால்ஃப் ஸ்டைனர் அரசோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். இந்தச் சமரசம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தகுதிச் சான்றிதழ் இல்லாத ஆசிரியர்கள் மீது வெளியிலிருந்து விழுந்த கண் அது.

வால்டோர்ஃப் அன்பர்கள் இந்தப் பட்டியலைக் காட்டிப் பெருமைப்படுவதுண்டு. உலகம் பார்த்தவர்கள், தொழில் செய்தவர்கள், பயிற்சிக் கல்லூரியின் அச்சில் வார்க்கப்படாதவர்கள், அதனாலேயே நல்ல ஆசிரியர்கள் என்று வாதிடுவார்கள். எனக்கு இது அரைகுறை வாதமாகப் படுகிறது. ரயில்வே பொறியாளராக இருந்ததால் ஒருவருக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மனம் புரிந்துவிடாது. பல துறையினரை ஒரே கட்டடத்தில் அடைத்தால் பள்ளி உருவாகிவிடாது. சங்கம் வேண்டுமானால் உருவாகும். வந்தவர்களின் பழைய தொழிலை அந்தப் பள்ளி அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒருவருக்கு எது நன்றாகத் தெரியுமோ அதை விட்டு அடுத்த இடத்தில் உட்காரவைப்பது அங்கே பலமுறை நடந்தது. கணிதமும் இயற்பியலும் படித்த வால்டர் யோஹன்னஸ் ஸ்டைனுக்குக் கொடுக்கப்பட்ட பாடங்கள் வரலாறும் இலக்கியமும். மொழியறிஞர் ஷூபர்ட்டிடம், மற்ற வகுப்புகளில் ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டார்கள்; வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு அவர் நடத்திய அந்த உதவி வகுப்புதான், வேறு யாருடைய வேலையையும் விட எனக்கு மதிப்புக்குரியதாகத் தெரிகிறது. வகுப்பாசிரியர்களுக்கோ இது விதியாகவே அமைந்தது. முதல் வகுப்பில் கையைப் பிடித்த பிள்ளைகளை எட்டாம் வகுப்புவரை அவரே கொண்டுபோக வேண்டும். தினமும் காலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரே பொருள். இந்த ஆண்டு நீதிக் கதை, இன்னும் சில ஆண்டுகளில் ரோமாபுரி, அதன் பிறகு ஒளியும் வெப்பமும். எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் இத்தனைக்கும் போதாது. ஆசிரியர் முதல்நாள் இரவு படித்து, மறுநாள் காலை சொல்ல வேண்டியிருந்தது. தான் புதிதாகக் கற்றதைச் சொல்லும்போது குரலில் ஓர் ஆர்வம் இருக்கும். பாதி தெரிந்ததை முழுதாகத் தெரிந்ததுபோல் சொல்லும் ஆபத்தும் இருக்கும். இரண்டுமே அங்கே நடந்தன.

பழைய தொழிலிலிருந்து ஆசிரியத் தொழிலுக்கு அவர்களைக் கூட்டிவந்த பாலம் எது? பள்ளி திறப்பதற்கு முன் ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை நடந்த பயிற்சி அது. காலையில் மனித இயல்பைப் பற்றி ஸ்டைனரின் பதினான்கு சொற்பொழிவுகள், தொடர்ந்து கற்பிக்கும் முறை பற்றி இன்னொரு பதினான்கு. பிற்பகல்தான் சுவாரசியமானது. அப்போது ஸ்டைனர் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலை கொடுத்தார். நாக்கு புரளாத ஒலிப் பயிற்சிகளை முனைவர்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். இன்ன குணமுள்ள பிள்ளைக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்வாய் என்று கேட்டு, சொல்லவைத்து, மற்றவர்களைக் கருத்துச் சொல்லச் சொன்னார். கணக்கைத் தொடங்கும் முறையில் வழக்கத்தைத் தலைகீழாக்கினார். இரண்டும் மூன்றும் எத்தனை என்று தொடங்காமல், குவியலாக இருக்கும் சிறு காட்டுப் பழங்களைப் பிள்ளையை எண்ணச் சொல்வது. 27 என்று வந்தால் அதை நான்கு சிறு குவியல்களாகப் பிரிப்பது. மொத்தம் முதலில், கூட்டல் பிறகு. மந்தமான பிள்ளைக்குக் கூட்டல், துடிப்பான பிள்ளைக்குப் பெருக்கல், கோபக்காரப் பிள்ளைக்கு வகுத்தல், வாட்டமான பிள்ளைக்குக் கழித்தல் என்று பிரித்தும் கொடுத்தார். கிரேக்கர் காலத்திலிருந்து வரும் நால்வகைக் குணப் பிரிவுக்கு இன்றைய உளவியலில் இடமில்லை. இந்த ஒதுக்கீடும் ஆய்ந்து கண்டதல்ல, ஊகம்தான். ஆனாலும் இந்தப் பயிற்சி அதில் கலந்துகொண்டவர்களிடம் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. பாடத்தை நோக்கும் முன் எதிரில் இருக்கும் பிள்ளையை நோக்குவது என்ற அந்தப் பழக்கத்தை, தவறான கோட்பாட்டின் வழியாகக்கூட ஒருவர் கற்றுக்கொள்ள முடிந்திருக்கிறது.

இரண்டு வாரப் பயிற்சி யாரையும் ஆசிரியராக்கிவிடாது என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆக்கியது, பிறகு நடந்த ஆசிரியர் கூட்டங்கள். தலைமையாசிரியர் என்று ஒருவர் இல்லை. ஆசிரியர்கள் கூடி முடிவெடுப்பது என்பது ஏற்பாடு. (பேருக்குத்தான் குடியரசு. ஸ்டைனர் ஊருக்கு வந்தால் கடைசிச் சொல் அவருடையது.) 1919-க்கும் 1924-க்கும் இடையில் அவர் ஆசிரியர்களோடு நடத்திய ஏறத்தாழ எழுபது கூட்டங்களின் குறிப்புகள் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் பெயர் குறித்து ஒவ்வொரு பிள்ளையாகப் பேச்சு நடக்கிறது: இவன் ஏன் எழுதுவதில்லை, அவள் ஏன் அழுகிறாள், இந்த வகுப்பில் ஏன் இரைச்சல். ஆசிரியர்களுக்கு நல்ல திட்டும் விழுகிறது. மேல்வகுப்புகளில் பாடம் நடத்தாமல் பல்கலைக்கழகச் சொற்பொழிவு ஆற்றுகிறீர்கள், மாணவரோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று ஸ்டைனர் குறைபட்டுக்கொண்டார். முனைவர் பட்டக்காரர்களை வைத்துப் பள்ளி நடத்தினால் வரக்கூடிய நோய் அது. நோய் வந்ததில் வியப்பில்லை. அது கூட்டத்தில் வைத்துப் பேசப்பட்டது என்பதைத்தான் நான் சான்றாகக் கொள்கிறேன். மற்றவர் கண்ணில் படாத வகுப்பறையில் பொறியாளர் பொறியாளராகவே இருந்துவிடுவார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வழிகள் பலவாக இருந்தாலும் வாசல் ஒன்றுதான் என்பார்கள். மருத்துவரும் பாதிரியாரும் ராணுவ அதிகாரியும் அங்கே வந்து சேர்ந்தது, அவர்கள் ஸ்டைனரின் ஆந்த்ரோபாசஃபி என்ற ஆன்மிகக் கொள்கையில் ஈடுபாடு கொண்டிருந்ததால்தான். இந்தக் கொள்கைக்கு நம்மூர்த் தொடர்பும் உண்டு. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட தியசாபிகல் சொசைட்டியின் ஜெர்மன் கிளைக்கு 1902 முதல் பொறுப்பாக இருந்தவர் ஸ்டைனர்; இளம் கிருஷ்ணமூர்த்தியை உலக குருவாக அன்னி பெசன்ட் முன்னிறுத்தியதை ஏற்காமல் 1912-13-இல் பிரிந்துபோய்த் தனி அமைப்புக் கண்டார். இந்த மறுப்பு பெரிய அளவில் உண்மை. ஒரே நம்பிக்கையுள்ளவர்கள் கூடும் கூட்டத்தில் பிள்ளையைப் பற்றிய கேள்வி எழும். நம்பிக்கையைப் பற்றிய கேள்வி எழாது. வால்டர் யோஹன்னஸ் ஸ்டைன் தன் வகுப்பில் பார்சிவல் காவியத்தைக் கற்பித்த அனுபவத்திலிருந்து 1928-இல் ஒரு வரலாற்று நூல் எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டைப் புனிதக் கிண்ணத்தின் ஒளியில் பார்க்கும் அந்த நூல், வரலாற்றுத் துறையின் அளவுகோலில் நிற்காது. ஓர் இயற்பியல்காரருக்கு வரலாற்றைக் கொடுத்தால் புதுக் கண் கிடைக்கலாம். அந்தக் கண்ணைச் சோதிக்க ஒரு வரலாற்றுக்காரர் அதே அறையில் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே எடுத்துக்காட்டு. பாதையில் இருந்த பன்மை சிந்தனையில் இல்லை. இதை மறைத்து முதல் தலைமுறையைக் கொண்டாடுவது நேர்மையல்ல.

இன்னொரு மறுப்பு வர்க்கத்தைப் பற்றியது. ஹைடிபிராண்ட், பரவாலே, போத்மர், முதல் குழந்தைகள் வகுப்பை 1926-இல் தொடங்கிய எலிசபெத் ஃபான் க்ருனேலியுஸ் என்று பெயர்களில் பிரபுத்துவ முன்னொட்டு வரிசையாக வருகிறது. சிகரெட் சுற்றும் தொழிலாளியின் பிள்ளைக்குக் கற்பிக்க அந்தத் தொழிலாளி வர்க்கத்திலிருந்து யார் வந்தார்கள்? அநேகமாக யாரும் இல்லை. பிறகு வெளியார் பிள்ளைகள் பெருகி, சில ஆண்டுகளில் பள்ளி ஆயிரத்தை எட்டியபோது ஆலைப் பிள்ளைகள் சிறுபான்மையாகிவிட்டார்கள். ஆலையே 1929-இல் கைமாறி மறைந்தது. இந்தக் குறைக்கு என்னிடம் சமாதானம் இல்லை.

மூன்றாவது மறுப்பு: ஸ்டுட்கார்ட் ஒரு விதிவிலக்கு, அதைப் பார்த்து யாரும் பள்ளி நடத்த முடியாது. இங்கேதான் இங்கிலாந்தின் அனுபவம் உதவுகிறது. அங்கே அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு இயங்கும் ஃப்ரீ ஸ்கூல் வகைப் பள்ளிகள், பயிற்சித் தகுதி இல்லாதவரையும் ஆசிரியராக அமர்த்த அனுமதி இருந்தது. 1836-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த அதே சலுகை. அந்தச் சலுகையோடு 2012-க்கும் 2014-க்கும் இடையில் ஃப்ரூம், எக்ஸெட்டர், பிரிஸ்டல் ஆகிய ஊர்களில் ஸ்டைனர் பள்ளிகள் திறந்தன. 2018-19-இல் அரசின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் மூன்றையும் போதாதவை என்று மதிப்பிட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பு, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான ஏற்பாடு, நிர்வாகத்தின் கண்காணிப்பு என்று குறைகள் அடுக்கப்பட்டன. மூன்று பள்ளிகளும் இந்து நெறி சார்ந்த ஆவந்தி அறக்கட்டளையின் கைக்குப் போயின. ஈடுபாடு உள்ள ஆசிரியர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். தலைமையும் நிர்வாகமும் தவறுகளைச் சரியான நேரத்தில் பார்க்கவில்லை என்பதுதான் ஆய்வின் சாரம். சான்றிதழ் கேட்காத பள்ளி, சான்றிதழ் கேட்கும் பள்ளியைவிடக் கூடுதலாகத் தன் ஆசிரியரைக் கவனித்தாக வேண்டும். அந்தச் செலவை ஏற்காமல் சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும்.

ஜெர்மனியில் நிலைமை வேறு திசையில் போயிருக்கிறது. 1938-இல் நாஜி ஆட்சி ஸ்டுட்கார்ட் பள்ளியை மூடியது. ஸ்ட்ராகோஷ், ஷூபர்ட் போன்ற யூத வம்சாவளி ஆசிரியர்கள் அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். போருக்குப் பின் பள்ளி மீண்டும் திறந்தது. 1949-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் ஏழாம் பிரிவு வைமார் காலத்து நிபந்தனையைத் திரும்பவும் விதித்தது. இன்று ஸ்டுட்கார்ட்டிலேயே வால்டோர்ஃப் ஆசிரியர்களுக்கென்று தனி உயர்கல்வி நிறுவனம் பட்டம் வழங்குகிறது. பள்ளிப் படிப்பை முடித்தவுடன் நேரே அங்கே சேர்ந்து, இருபத்தைந்து வயதுக்குள் வகுப்பாசிரியராகிவிடலாம். இதனால் தரம் சீரானது, அரசுக்கும் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் ஸ்ட்ராகோஷ் ரயில் பாதை போட்டுவிட்டு வந்தவர். கோலிஸ்கோ நோயாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர். அவர்கள் இருந்த ஆசிரியர் அறையில் வெளி உலகம் கொஞ்சமாவது இருந்தது. எல்லோரும் ஒரே நிறுவனத்தில், ஒரே நூல்களைப் படித்துவிட்டு வரும் ஆசிரியர் அறையில் வாசலும் ஒன்று, வழியும் ஒன்று. நடுவயதில் வேலையை விட்டு வருபவர்களுக்காகப் பகுதிநேரப் பயிற்சிகள் இன்றும் நடக்கின்றன; பள்ளிகள் அவர்களை ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழியாக மட்டும் பார்க்கின்றனவா, அல்லது ஆசிரியர் கூட்டத்தில் மாற்றுக் குரலாகவும் கேட்கத் தயாரா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரே ஆசிரியரோடு எட்டு ஆண்டு இருக்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்து இதையெல்லாம் பார்த்தால் எப்படித் தெரியும் என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)