தாடை மூட்டில் ஊறும் நீர்

செவிக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், ஓர் எலும்பு அசைவதை உணரலாம். அதுவே தாடை மூட்டு. உண்ணவும், பேசவும், ஆலயத்தில் பாடவும் இடது வலது மூட்டுகள் இரண்டும் சேர்ந்தே இயங்க வேண்டும்.

இம்மூட்டின் எலும்புகளுக்கிடையே மெல்லிய நார்த்தட்டு ஒன்று உண்டு. அதன் மேலும் கீழுமுள்ள இரு சிற்றறைகளில், முட்டையின் வெண்கருவைப் போன்ற வழுவழுப்பான நீர் ஊறுகிறது. இரு அறைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு சுமார் 2 மில்லி லிட்டர்தான்! இந்நீருக்குப் பிசுபிசுப்பைத் தருவது ஹயலூரானிக் அமிலம். கார்ல் மேயரும் ஜான் பால்மரும் 1934-இல் மாட்டின் கண்ணிலிருந்து இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தனர். எலும்பு முனையைப் போர்த்திய பரப்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் அதற்கு எண்ணெயும் இந்நீரே, உணவும் இந்நீரே.

இரவில் பற்களை நறநறவென்று கடிப்பதாலும், கவலையில் தாடையை இறுக்கிக் கொள்வதாலும் மூட்டு ஓயாது நசுங்குகிறது. அப்போது அவ்வமிலத்தின் நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாகின்றன. கஞ்சி நீர்த்துப் போவதுபோல் மூட்டு நீரும் நீர்த்துவிடுகிறது. அழற்சியை வளர்க்கும் இன்டர்லூக்கின் போன்ற பொருள்களும் அதில் பெருகுகின்றன. வழுக்க வேண்டிய தட்டு ஒட்டிக்கொண்டால், மூன்று விரல் நுழையுமளவு திறக்கும் வாய் ஒரு விரலுக்கே இடம் தரும். இந்நோய்க்குச் சிகிச்சை நாடி வருவோரில் பெண்களே மிகுதி. காதுவலி என்று எண்ணிக் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வோரும் உளர். நாட வேண்டியவர் பல் மருத்துவரே. வலியின்றி 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை.

பெரும்பாலோருக்கு மென்மையான உணவும், வெந்நீர் ஒத்தடமும், தாடைக்கு ஓய்வுமே போதும். வாய் திறவாது பூட்டிக்கொண்டவர்களுக்காக, எருசலேமைச் சேர்ந்த டாக்டர் டோரிட் நிட்ஸான் என்னும் பெண்மணி, தம் துணைவர் இருவருடன் 1991-இல் எளிய வழியொன்றை வெளியிட்டார். மூட்டின் மேலறையில் இரண்டு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றின் வழியே தூய திரவத்தை விட்டு, மற்றதன் வழியே கெட்ட நீரை வெளியேற்றிக் கழுவுவதே அம்முறை.

மரக்காணத்து உப்பளங்களை அறிந்த இடையஞ்சாவடி மக்களாகிய நமக்கு ஒரு செய்தி: இவ்வாறு கழுவுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது உப்பு நீர்தான். ஆனால் பாத்தியில் பாயும் கடல்நீர் அன்று. அதில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கிருமி நீக்கிய இந்நீரிலோ 9 கிராம் மட்டுமே.