புளூகில்: கூடு காக்கும் தந்தை மீன்

கூடு என்றதும் நம் நினைவுக்கு வருவது பறவைதான். ஆனால் நீருக்கடியில் கூடமைத்து, குஞ்சுகளைக் கண்போல் காக்கும் மீன்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று, வட அமெரிக்காவின் ஏரிகளிலும் குளங்களிலும் சாதாரணமாகக் காணப்படும் புளூகில் என்னும் நன்னீர் மீன். இது சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது.

புளூகில் என்பதற்கு 'நீலப் பூ' என்று பொருள் கூறலாம். இங்கே பூ என்பது மலரன்று. மீன் சுவாசிக்கும் உறுப்பு. தட்டையான உடலும் சிறிய வாயும் கொண்ட இம்மீனின் பூமூடியின் ஓரத்தில் கரும்புள்ளி ஒன்று இருக்கும். பெரும்பாலானவை 10 முதல் 25 சென்ரிமீற்றர் வரை வளரும். நீர்ப்பூச்சிகள், குடம்பிகள், நுண்ணிய நீருயிர்கள், பிற மீன்களின் முட்டைகள் ஆகியன இதன் உணவு.

கோடை நெருங்கி நீர் வெப்பமடைந்ததும் ஆண் மீன் ஆழங்குறைந்த இடத்தைத் தெரிந்தெடுக்கும். வாற்செட்டையை வேகமாக அசைத்து மண்ணை விலக்கி, தட்டுப் போன்ற குழியொன்றை அமைக்கும். அதுவே கூடு. பல ஆண் மீன்கள் அருகருகே கூடமைப்பதால் அவ்விடம் ஒரு குடியிருப்புப் போலத் தோன்றும். இதில் ஒரு நன்மையும் உண்டு. முட்டை தின்ன வரும் எதிரியை அயலவர் எல்லோரும் விரட்டுவர். நடுவிலுள்ள கூடுகளுக்குப் பாதுகாப்பு அதிகம்.

பெண் மீன் முட்டையிட்டதும் சென்றுவிடும். அதன்பின் பொறுப்பு முழுவதும் தந்தைக்கே. முட்டைகளுக்கு ஒட்சிசன் நிறைந்த நீர் கிடைக்கவும் அழுக்குப் படியாதிருக்கவும் அது செட்டைகளால் விசிறிக்கொண்டே இருக்கும். சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகள் நீந்திச் செல்லும் வரை, தன் உணவையும் பெரிதாகக் கவனியாது தந்தை காவல் இருக்கும்.

மனிதருக்கும் இம்மீன் உதவுகின்றது. நீரில் நச்சுப்பொருள் கலந்தால் இதன் சுவாசமும் அசைவும் மாறும். இதனால் சன் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில், குடிநீரைக் கண்காணிக்கும் தொட்டிகளில் புளூகில் மீன்கள் விடப்பட்டன.

எனினும் இதே மீன் யப்பானில் பெருந்தொல்லை. 1960ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற அந்நாட்டு முடிக்குரிய இளவரசர் அகிஹிதோவுக்கு, சிக்காகோ நகர மேயர் இம்மீன்களை அன்பளிப்பாக வழங்கினார். உணவு மீனாக வளர்க்கலாம் என்ற நல்லெண்ணத்துடன் அவை யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பின்னர் அவை நீர்நிலைகளில் பெருகி, பீவா ஏரியின் சுதேச மீன்களுக்கு ஆபத்தாயின. 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி இம்மீனை வளர்ப்பதும் கொண்டுசெல்வதும் விடுவதும் தடை செய்யப்பட்டன. மீனியல் ஆய்வாளருமான அகிஹிதோ, 2007இல் பேரரசராக இருந்தபோது, தாம் கொண்டுவந்த மீனால் நேர்ந்த நிலைக்கு வெளிப்படையாகவே மனம் வருந்தினார்.

பிறந்த மண்ணில் பாஸ் போன்ற பெரிய மீன்கள் புளூகிலின் குஞ்சுகளை உண்டு அதன் தொகையை மட்டுப்படுத்துகின்றன. ஆனால் ஓர் அந்நிய ஏரியில் அந்தச் சமநிலை இல்லை. நாம் வியந்து போற்றும் தந்தையின் காவலே அங்கு அதன் பெருக்கத்துக்குத் துணையாகி, மற்றைய மீன்களின் முட்டைகளுக்குக் கேடாகின்றது. குற்றம் மீனுடையதன்று, இடம் மாற்றியதே தவறு.

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போரும் இதனை மனதிற் கொள்ளவேண்டும். வளர்க்க முடியாத மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவது இரக்கமாகத் தோன்றலாம். ஆனால் அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களுக்கு அது தீங்காகக்கூடும். அத்தகைய மீனை வளர்க்க விரும்பும் இன்னொருவரிடம் கொடுப்பதே உண்மையான இரக்கம்.