கேமரா பார்த்தது கார்டில் பதிந்ததா?

கடலூரை அடுத்த செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் 2025 ஜூலை 8 காலை, விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் பள்ளி வேன் மீது மோதியதில் மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். ஊரே அழுதுகொண்டிருந்த அந்த நாளிலேயே, கேட் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்ற தர்க்கமும் தொடங்கிவிட்டது. வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் வழிவிட்டதாக ரயில்வே தரப்பு முதலில் சொன்னது. கேட் திறந்தே கிடந்தது என்றார்கள் வேனில் வந்தவர்கள். அடுத்த சில நாட்களுக்குள், லெவல் கிராசிங்குகளில் பதிவு வசதியோடு சிசிடிவி வைக்கும்படி ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது.

சாலையிலும் இதே கதைதான். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போகும் நெடுஞ்சாலையில் ஒரு பைக் குறுக்கே வந்து விழுந்தால், கூடுகிற கூட்டம் பெரும்பாலும் கார்க்காரர் மீதுதான் பாயும். அதனால்தான் காரில் பொருத்தும் கேமராவான டேஷ்கேமுக்கு இவ்வளவு வரவேற்பு. ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் ஹூண்டாய் எக்ஸ்டர் 2023 ஜூலையில் வந்தபோதே, உயர் ரகங்களில் முன்பக்கத்தையும் காரின் உள்பக்கத்தையும் படமெடுக்கும் டேஷ்கேம் இருந்தது. 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்த டெஸ்லாவின் கார்களில் சுற்றிலும் கேமராக்கள். வண்டி நிற்கும்போதுகூடக் காவல் காக்கும்.

கேமராவைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், அதற்குள் போடும் மெமரி கார்டை மட்டும் செல்போன் கடையில் கையில் கிடைத்ததை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். கோளாறு ஆரம்பிப்பதே அங்கேதான்.

மெமரி கார்டு தேய்ந்துபோகும் பொருள். கார் டயரைப் போல. அதிலுள்ள ஒவ்வொரு செல்லிலும் இத்தனை தடவைதான் எழுதி அழிக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. போனில் போட்டோ சேர்த்து வைப்பவருக்கு அந்த வரம்பு ஒருநாளும் எட்டாது. டேஷ்கேமோ வண்டி ஓடும் நேரமெல்லாம் எழுதுகிறது. இடம் நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதுகிறது.

சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபுல் எச்.டி. கேமரா விநாடிக்கு 15 மெகாபிட் வீதம் எழுதினால் மணிக்கு சுமார் 6.75 ஜி.பி. ஆகிறது. இரண்டு கேமராவுக்கு 13.5 ஜி.பி. 64 ஜி.பி. கார்டு ஐந்து மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால், ஆண்டுக்கு 700 தடவைக்கு மேல் முழுக் கார்டும் அழிந்து எழுதப்படும். மலிவான கார்டு தாக்குப்பிடிக்கும் எல்லையே ஏறக்குறைய அதுதான். 128 ஜி.பி. போட்டால் அந்த எண்ணிக்கை பாதியாகும். பெரிய கார்டு வாங்கச் சொல்வதற்கு, கூடுதல் நேரம் பதியும் என்பதைவிட இது வலுவான காரணம்.

இந்த வேலைக்கென்றே ‘என்டூரன்ஸ்’ என்ற பெயரில் தனி ரகக் கார்டுகள் விற்கின்றன. 128 ஜி.பி. கொள்ளளவில் சாம்சங் புரோ என்டூரன்ஸ் 70,080 மணி நேரம் உழைக்கும் என்கிறது அந்த நிறுவனம். சான்டிஸ்க் மேக்ஸ் என்டூரன்ஸுக்குச் சொல்லப்படுவது 60,000 மணி. இரண்டுமே ஃபுல் எச்.டி. பதிவுக்கான கணக்கு, 4கே கேமராவில் குறையும். சாதாரண ரகக் கார்டுகள் பலவற்றின் உத்தரவாத விதிகளில், டேஷ்கேம் போன்ற தொடர்பதிவுக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்றே எழுதியிருக்கும். அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. கார்டின் முகப்பில் U என்ற ஆங்கில எழுத்துக்குள் 3 என்ற எண் அச்சிட்டிருந்தால், விநாடிக்கு 30 எம்.பி. வேகம் உறுதி. வேகம் மட்டும் இருந்தால் போதாது. ஆயுளையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெயில். கத்திரி வெயிலில் ஜிப்மர் வாசலில் மதியம் முழுக்க நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தொடலாம். சாதாரண பென் டிரைவ்கள் பலவும் 60 டிகிரி வரைதான் இயங்கும். என்டூரன்ஸ் கார்டுகள் 85 டிகிரி வரை தாங்கும். டெஸ்லா போல யு.எஸ்.பி. வழியாகப் பதியும் கார்களில், அந்தக் கார்டையே ஒரு நல்ல ரீடரில் செருகிப் பயன்படுத்துவது விவரம் தெரிந்தவர்களின் வழக்கம். டெஸ்லா கேட்பது குறைந்தது 64 ஜி.பி., விநாடிக்கு 4 எம்.பி. எழுதும் வேகம். விண்டோஸில் வழக்கமான என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்தால் ஏற்காது; எக்ஸ்ஃபேட் போன்ற முறை வேண்டும்.

போலிகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. 16 ஜி.பி. சிப்பை 128 என்று காட்டும்படி மாற்றி விற்கிறார்கள். முதல் சில மணி நேரம் ஒழுங்காகப் பதியும்; பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். கணினியில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். பில்லோடு வாங்கியதாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவதே நல்லது.

நல்ல கார்டும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. வண்டி குலுங்கினால் டேஷ்கேம் அதை விபத்து என்று நினைத்து அந்தப் பதிவை அழியாதபடி பூட்டிவிடும். பள்ளமும் வேகத்தடையும் நிறைந்த சாலையில் தினமும் போனால், பூட்டிய பதிவுகளே கார்டை அடைத்துக்கொண்டு, சில கேமராக்களில் புதிய பதிவுக்கு இடமே இருக்காது. அதிர்வு உணரியின் உணர்திறனைக் குறைத்து வைத்து, தேவையான பதிவைக் கணினியில் எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை கேமராவிலேயே கார்டை ஃபார்மேட் செய்துவிட வேண்டும். ஃபார்மேட் செய்யும் முன், முந்தின நாள் ஓட்டம் பதிந்திருக்கிறதா என்று ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிடலாம்.

விபத்து நடந்துவிட்டால் அவசரப்பட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கார்டை மறந்துவிடுகிறார்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூலக் கருவியையே உரிமையாளர் நேரில் கொண்டுவந்து சாட்சி சொன்னால் அது தேவையில்லை என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, நகலோடு தரும் சான்றிதழில் கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். வாட்ஸ்அப்பில் போன வீடியோ சுருங்கி வேறு கோப்பாகிவிடுகிறது. எனவே எஞ்சினை அணைத்ததும் கார்டைக் கழற்றித் தனியே பத்திரப்படுத்த வேண்டும். நகல் எடுத்தபின் மூலக் கார்டில் எதையும் எழுதக் கூடாது. போலீஸார் கேட்டால், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். கேமராவுக்கு வேறு புதிய கார்டு போட்டுக்கொள்ளலாம்.